தடைக்காலத்தில் நிறுத்திய ஆபரேஷன்

வெளிநோயாளிகள் கூட்டம் வடிந்து, டியூட்டி ரூம் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பாதியில் கூப்பிடுவார்கள். போய்விட்டு வாருங்கள். ராயபுரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் டாக்டராக இருந்தவள் எழுதியதைப் படித்து முடிப்பதைவிட, அழுகிற பிள்ளையைப் போய்ப் பார்ப்பது முக்கியம்.

இந்த மாதம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். ஏன் இத்தனை சீக்கிரம் என்று எல்லோரும் கேட்டார்கள். தூக்கம் போய்விட்டது என்றேன். சிரித்தார்கள். உண்மையைத்தான் சொன்னேன். குழந்தையின் எலும்பைப் பார்க்கிற வேலை வெளியிலிருந்து அமைதியாகத் தெரியும். காய்ச்சலைப் போலச் சுடாது, வலிப்பைப் போல உதறாது. எலும்பு மெதுவாக, சத்தமே இல்லாமல், தப்பான பக்கம் வளர்ந்துகொண்டிருக்கும். நாம் சாப்பிடும்போதும், ரவுண்ட்ஸ் போகும்போதும், லீவில் இருக்கும்போதும். அந்த நினைப்பு எனக்குக் கடைசிவரை பழகவில்லை. உங்களுக்கும் பழகாமல் இருக்கட்டும்.

ஒரே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். போன வருடத் தடைக்காலம்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத அந்த இரண்டு கோடை மாதங்களில்தான் காசிமேட்டு ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, படகுக்குப் பெயின்ட், பல் பிடுங்குவது, குடலிறக்க ஆபரேஷன் எல்லாம் அதற்குள்தான். பிள்ளைக்கு இரண்டு காலிலும் மாவுக்கட்டு போட்டால், ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடிக்கு யார் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவது? அப்பா கரையில் இருக்க வேண்டும். கட்டுப் பிரிக்கிறவரை இருக்க வேண்டும். அதனால் தடை ஆரம்பித்த முதல் வாரத்தில் எலும்புப் பிரிவில் தேதிக்கு அடிதடி. கிடைத்த தேதியை எந்தக் குடும்பமும் விடாது.

ஹரிணிக்குத் தேதி கிடைத்திருந்தது. ஆறு வயது. முட்டிக்குக் கீழே இரண்டு காலும் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருந்தன. “என் கால் நடுவுல பூனை பூந்து போவும் டாக்டர், பாக்கறியா?” என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடப் பழகியிருந்தாள். முட்டிக்குக் கீழ் எலும்பை வெட்டி, நேராக்கி, கம்பி வைத்துக் கட்டுப் போடுவதாக ஏற்பாடு.

எலும்பு இறுகாமல் வளைந்துபோகிற ரிக்கெட்ஸ் என்று எங்களுக்கு எப்போதோ தெரியும். எக்ஸ்ரேயில் வளரும் முனைகள் கிழிந்த துணியின் ஓரம் மாதிரி நூல் நூலாகப் பிரிந்து தெரிந்தன. ரிக்கெட்ஸ் என்றால் வைட்டமின் டி. கொடுத்தோம். சரியாகவில்லை. மறுபடி கொடுத்தோம். சரியாகவில்லை. பகலெல்லாம் கடற்கரை மணலில் வெயிலில் புரள்கிற, மூன்று வேளையும் மீன் சாப்பிடுகிற பிள்ளைக்கு வைட்டமின் டி எப்படிக் குறைந்தது என்று நின்று கேட்க நேரமில்லாத கூட்டம் அது. கேட்காமல் விட்ட இடத்தில் ஒரு பதில் தானாகவே முளைத்துவிட்டது: மாத்திரையை அம்மா கொடுப்பதில்லை.

அம்மாவின் பெயர் மலர். அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கிற எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து காசிமேட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஹரிணி. அடுத்தவன் கிஷோர், நான்கு வயது, தென்னங்கன்று மாதிரி நேரான கால். கடைசி தர்ஷினி, இரண்டு வயது. நடக்கப் பழகியதிலிருந்தே அவள் காலும் வளையத் தொடங்கியிருந்தது.

பார்த்தீர்களா? இரண்டு பெண்களுக்கும் வளைந்த கால். நடுவில் பிறந்த பையனுக்கு மட்டும் நேரான கால். எங்கள் வார்டில் இதைப் பார்த்த எவருக்கும் இரண்டாவது யோசனை வரவில்லை. பையனுக்கு ஊட்டி, பெண்களைக் காயப்போட்ட வீடுகளை நாங்கள் நிறையப் பார்த்தவர்கள். கண் அதற்குப் பழகிவிட்டது. ரவுண்ட்ஸில், பயிற்சிக்கு வந்த ஒரு ஹவுஸ் சர்ஜன் மலரிடம் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “முட்டை, பாலெல்லாம் பையனுக்கு மட்டும்தானாம்மா?”

“மூணுக்கும் ஒரே சட்டிதான் டாக்டர்,” என்றாள் மலர். யாரும் நம்பவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அதற்குமேல் அவள் பேசுவதில்லை.

அவளுக்காகப் பேச வந்தவளும் அவளுக்கு எதிராகத்தான் பேசினாள். நாத்தனார் அம்சா, துறைமுகத்தில் மீன் விற்கிறவள், குரல் ஏலம் போட்டுப் பழகிய குரல். “நா இன்னா சொன்னாலும் இவ காதுல வாங்கறதில்ல டாக்டர். எங்க வூட்ல யாருக்குக் கீது இந்தக் காலு? அல்லாம் இவ ஊரு சாம்பக் காத்து, இவ ஊரு தண்ணி. என் தம்பி பாவம், கடல்ல கெடந்து சாவறான், இங்க ரெண்டு பொண்ணையும் இப்டி ஆக்கி வெச்சிருக்கா.”

அந்தத் தம்பியை, பிள்ளைகளின் அப்பா தேசிங்கை, நாங்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எப்போது வந்தாலும் அவர் கடலில்.

ஆபரேஷன் அன்று காலை பார்த்தேன். மயக்க மருந்து கொடுக்கலாம் என்று குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும். அதற்காக தியேட்டர் வராந்தாவுக்குப் போயிருந்தேன். பச்சைக் கவுனில் ஹரிணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மலரின் இடுப்பில் தர்ஷினி. அம்சா யாருக்கோ போனில் சத்தமாகத் தேதி கிடைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் துணியை அழுத்திப் பிடித்தபடி ஒரு குள்ளமான ஆள் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தார். பக்கவாட்டில் அசைந்து அசைந்து நடக்கிற நடை. கைலிக்குள் இரண்டு காலும் அடைப்புக்குறி மாதிரி.

அவரை நிறுத்தினேன்.

“உங்க கால் எப்போலேர்ந்து இப்படி?”

“இதா? இது கடல் காலு டாக்டரம்மா. போட்டுல நின்னு நின்னு வளைஞ்சிகினது. எவ்ளோ காத்து அடிச்சாலும் தளத்துல நா மட்டும் வுழ மாட்டேன், தெர்மா?”

அம்சா போனைக் காதிலிருந்து எடுத்தாள். “அய்ய, ரீல் வுடறான் பாரு. அஞ்சாங்கிளாஸ்லயே இவன நண்டுன்னு தான் கூப்டுவானுங்க. அப்போ எந்தப் போட்ல நின்னியாம்?” வீட்டில் யாருக்கும் இந்தக் கால் இல்லை என்று சொன்னவளும் இவள்தான்; தம்பியின் கால் அவள் கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது.

“நீ சும்மா கெட, கய்தே.”

“உங்களுக்கு?” என்று அம்சாவைக் கேட்டேன்.

“எனக்கு இன்னா, வெளக்குக் கம்பம் மாரி கீது.”

“கன்னத்துல என்ன?” என்று மறுபடி அவரிடம்.

“பல்லு. சொத்தையே இல்லன்றான் பல்லு டாக்டரு. ஆனா சீழு மட்டும் வந்துகினே கீது. இது மூணாவது பல்லு.”

படகில் ஏறுவதற்கு முன்பே வளைந்த கால். வளராத உயரம். சொத்தை இல்லாமல் சீழ் பிடிக்கிற பல். இரண்டு பெண்களுக்கும் இருக்கிறது, பையனுக்கு இல்லை. கோளாறு அப்பாவின் எக்ஸ் குரோமோசோமில் இருந்தால், அதை அவர் பெண்களுக்குத்தான் கொடுப்பார், ஒவ்வொரு பெண்ணுக்கும் கொடுப்பார். பையனுக்குக் கொடுக்க மாட்டார். மலருடைய குற்றத்துக்கு நாங்கள் சாட்சியாக வைத்திருந்தது எதுவோ, அதுவே அவள் பக்கத்துச் சாட்சியாகத் திரும்பி நின்றது.

பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனாலும் ஒரு முறை என்னோடு சேர்ந்து யோசியுங்கள். எலும்பு முதலில் ஒரு மெத்தென்ற வலை. அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிந்து இறுகினால்தான் நம்மைத் தாங்கும். இந்தப் பிள்ளைகளிடம் கால்சியம் இருக்கிறது, வெயில் இருக்கிறது, மீன் இருக்கிறது. ஆனால் எலும்பே ஒரு ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து, ‘பாஸ்பேட்டை வெளியே கொட்டு’ என்று சிறுநீரகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகம் கொட்டிக்கொண்டே இருக்கிறது. தனக்கு வேண்டியதைத் தானே துரத்தும் எலும்பு. உள்ளே வருவது எத்தனை நல்ல சாப்பாடாக இருந்தாலும் வழியில் ஒழுகிப்போகிறது. வெறும் வைட்டமின் டி இங்கே என்ன செய்யும்?

வராந்தாவிலிருந்தே லேபுக்குப் போன் செய்தேன். ஹரிணியின் பாஸ்பேட் எவ்வளவு? இரண்டு புள்ளி ஆறு, நார்மல்தான் மேடம், என்றார்கள். யாருக்கு நார்மல்? பெரியவர்களுக்கு. வளரும் பிள்ளைக்கு நான்குக்கு மேல் இருக்க வேண்டும். எங்கள் லேபின் மெஷின் ஆறு வயதுக்கும் அறுபது வயதுக்கும் ஒரே அளவுகோலை வைத்திருந்தது. எச்சரிக்கைக் குறி விழாததால், அந்த எண்ணை எத்தனையோ கண்கள் தாண்டிப் போயிருந்தன.

தியேட்டருக்குள் ஓடினேன். எலும்பு டாக்டர் என்னோடு படித்தவர். கை கழுவிக்கொண்டிருந்தார்.

“கேஸை நிறுத்து. இது சாதா ரிக்கெட்ஸ் இல்லை. பரம்பரையா வர்றது, அப்பா நடையே அப்படித்தான் இருக்கு. பாஸ்பேட் ரெண்டு புள்ளி ஆறு, ஒழுகுது.”

“யூரின் பார்த்தியா?”

“இப்போதான் அனுப்பப் போறேன்.”

“சாயந்திரம் வரும். எனக்கு ஸ்லாட் இப்போ.” குழாயை மூடாமலே பேசினார். “ஒரு நம்பரையும் ஒரு அப்பா நடையையும் வெச்சு நிறுத்தச் சொல்றே. இன்னிக்கு விட்டா அடுத்த தடைக்காலம். அதுக்குள்ள இன்னும் வளையும். இல்லேன்னா இவங்க வேற எங்கயாவது போய் வெட்டிப்பாங்க, அப்புறம் உன் பாஸ்பேட்டை யாரும் பார்க்க மாட்டாங்க. நீ தப்பா இருந்தா அந்தப் பொண்ணோட ஒரு வருஷத்தை யார் திருப்பித் தருவா?”

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அதுதான் என்னை உலுக்கியது. எதிரில் நிற்பவர் முட்டாளாக இருந்தால் முடிவெடுப்பது எளிது.

“நான் சரியா இருந்து, நீ வெட்டினா?” என்றேன்.

அவர் கையைத் தேய்ப்பதை நிறுத்தினார். “ஒட்ட நாளாகும்,” என்றார். “ஒட்டினாலும் திரும்ப வளையும்.”

“அப்போ வெட்டாதே.”

குழாயை மூடினார். “சரி. ஆனா வெளியே போய் நீதான் சொல்லணும். நான் வர மாட்டேன்.”

கதவுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன தூரத்தை மெதுவாக நடந்தேன். தேசிங்கைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். மரியாதையான வழி அதுதான். ஆனால் மலரைக் குற்றம் சொன்னது எல்லோர் முன்னாலும். அவள் மேலிருந்து அதை எடுப்பதை மட்டும் மூடிய அறைக்குள் செய்வதா? எல்லோர் முன்னாலும் சொன்னால், கடல் கால் என்று பெருமைப்பட்டவர் தன் அக்கா எதிரில் கூனிப்போவார். கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. இந்த நோய்க்கு மருந்து ஒரு நாள் ஊசியாக இருந்தால் பரவாயில்லை. வருடக்கணக்கில், தினமும் பல தடவை அந்த வீடு சேர்ந்து கொடுக்க வேண்டும். வீடு உடைந்தால் மருந்து நின்றுவிடும்.

பாதி சொன்னேன். இன்றைக்கு ஆபரேஷன் வேண்டாம். எலும்பு உள்ளே இறுகவில்லை, காயாத சிமென்ட் மாதிரி. ஒரு உப்பு சிறுநீரில் ஒழுகிப்போகிறது; அதை ஈடுகட்ட மருந்து இருக்கிறது. பிறவியிலேயே வந்தது, சாப்பாட்டால் வந்ததில்லை. யாருடைய தப்பும் இல்லை.

அம்சாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னா வெளாட்றீங்களா? பச்ச டிரெஸ்லாம் மாட்டி வுட்டு, சிமென்ட் காயலன்னு இப்போ சொல்றீங்க? இவன் கடலுக்குப் பூட்டா யாரு தூக்கறது?” அப்புறம்தான் மற்றது அவளுக்கு உறைத்தது. “இரு, இரு. சோறு போடாததால இல்லன்றியா? அப்போ எங்கேர்ந்து வந்துச்சு?”

தேசிங்கு குனிந்து ஹரிணியின் காலைப் பார்த்தார். மலர் இடுப்பில் தொங்கிய தர்ஷினியின் காலைப் பார்த்தார். கைலியைக் கொஞ்சம் தூக்கித் தன் காலையும் பார்த்தார்.

“என்னாண்டேர்ந்தா?” என்றார்.

“ஆமா. உங்களுக்கும் அது பிறவியிலேயே வந்தது. நீங்க எதுவும் பண்ணலை.”

வராந்தா முனைவரை போய்விட்டார். மாடிப்படியில் இறங்கிவிடுவார் என்றே நினைத்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டியபடி நின்றார். திரும்பி வந்தபோது நேராக அக்காவிடம் போனார்.

“இனிமேட்டு மலர ஒரு வார்த்த சொன்னே, பேஜாராய்டும், ஆமா.”

அம்சா போனை மடியில் செருகிக்கொண்டாள். அவள் குரல் இல்லாத வராந்தாவை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

மலர் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இடுப்புப் பிள்ளையை இன்னொரு பக்கம் மாற்றிக்கொண்டு, “அந்த மருந்த சின்னதுக்கும் இப்பவே குடுக்கலாமா டாக்டர்?” என்றாள். எங்களில் யாரும் அந்த நிமிடம்வரை சின்னதுக்கு மருந்து கொடுப்பதைப் பற்றி யோசிக்கவில்லை.

சாயந்திரம் சிறுநீர் ரிசல்ட் வந்தது. இரத்தத்தில் இல்லாத பாஸ்பேட் அங்கே கொட்டிக்கிடந்தது. மரபணுச் சோதனை சில வாரம் கழித்து அதையே சொன்னது. ரவுண்ட்ஸில் கேள்வி கேட்ட அந்த ஹவுஸ் சர்ஜன் தானாகவே மலரைத் தேடிப் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அந்த ஒரு வருடம்தான் நிஜமான பயம். பாஸ்பேட் கரைசல் உவர்ப்பும் கசப்புமாக வயிற்றைக் கலக்கும். ஒரே தடவையில் நிறையக் கொடுத்தால் பேதி. கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் கொடுக்க வேண்டும். கூடவே, உடம்பு மாற்றத் தேவையில்லாமல் நேரடியாகச் செயல்படும் வகை வைட்டமின் டி. தடை முடிந்து தேசிங்கு கடலுக்குப் போய்விட்டார். அதற்குள் அளவு பார்த்து ஊற்ற அவரும் கற்றுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட இடைவேளையில் யார் கொடுப்பது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அம்சா கேட் பக்கம் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு பாட்டிலோடு நிற்கத் தொடங்கினாள். “குடிடி, மூஞ்ச சுளிக்காத. உன் மூஞ்சியே அப்டிதான் கீது.” வாட்ச்மேன் விரட்டியும் அவள் நகரவில்லை.

இங்கே உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரத்தத்தில் பாஸ்பேட் எண் சரியான அளவுக்கு வரவே வராது. உங்களைப் போல ஒருவர், நல்ல மனதோடு, எண் ஏறட்டும் என்று கரைசலைக் கூட்டினார். எண் கொஞ்சம் ஏறியது. கூடவே எலும்பைக் கரைக்கிற பாராதைராய்டு ஹார்மோனும் ஏறியது. அடுத்தது சிறுநீரகத்தில் கால்சியம் படியும். ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறவரை நான் நாற்காலியில் உட்காரவில்லை. தப்பித்தோம், அளவைக் குறைத்தோம். அந்த எண்ணைத் துரத்தாதீர்கள். பிள்ளை வளர்கிறதா, கால் நேராகிறதா, எலும்பின் முனை இறுகுகிறதா, சிறுநீரகம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். எலும்பின் அந்தத் தப்பான ஹார்மோனையே பிடித்து நிறுத்துகிற ஊசி வந்துவிட்டது என்கிறீர்கள். தெரியும். எங்கள் பிள்ளைகளின் கைக்கு அது எட்டுகிறவரை கரைசல்தான்.

இந்த வருடத் தடைக்காலம் தொடங்கியதும் எல்லோரும் வந்தார்கள், தேசிங்கும்தான். எலும்பு டாக்டர் புதிய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நூல் பிரிந்த ஓரங்கள் போய், பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. வளைவு குறைந்திருந்தது. முழுவதும் போகவில்லை.

“இப்போ கத்தி வேண்டாம்,” என்றார். “இன்னும் வளரட்டும். மீதி இருந்தா, பின்னால சின்னதா பண்ணிக்கலாம்.” என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அதைச் சொன்னது அவர்.

தேசிங்கு சுவரில் சாய்ந்துகொண்டார். அந்த நேரம் தர்ஷினி மலரின் கையை உதறிவிட்டு வராந்தாவில் ஓடினாள். மூன்று வயது. குடுகுடுவென்று, நேரான இரண்டு கால்களில், அந்தக் கோடியிலிருந்த தண்ணீர் டிரம்வரை ஓடித் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள். அவளுக்கு வளைவு ஆரம்பித்த இடத்திலேயே நின்றுபோயிருந்தது. நாங்கள் எல்லோரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஹரிணியும் பார்த்தாள். இப்போது அவளுக்கு ஏழு வயது. பூனை ஜோக்கை விட்டுவிட்டிருந்தாள். தங்கையின் காலைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“நா பாப்பாவா இருந்தப்போ எனக்கு ஏன் டாக்டர் இத்த குடுக்கல?”

மலர் “ஏய்” என்றாள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்; அது உள்ளே போகாமல் மடங்கியது. சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. கூட்டம், லேப், வைட்டமின் டி, கடலில் இருந்த அப்பா. ஏழு வயசுப் பிள்ளையிடம் அதில் எதைச் சொல்வது?

“எங்களுக்குத் தெரியலைம்மா,” என்றேன்.

அவள் யோசித்தாள். அம்மா மருந்து ஊற்றி நீட்டிய பாட்டில் மூடியை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

“இப்போ தெர்யும்ல?” என்றாள்.